பூச்சி காட்டுகிற பிள்ளைக்கு

உ

மொன்றியல்
25.05.2004

அன்பு மகள் சுதாஜினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் தன் பாட்டில் நோகிறது. அப்பாவும் சுகம் என்று அவரே சொல்கிறார், அவர் சொன்னால் அதற்குமேல் இந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. நீயும் மருமகன் இரவிச்சந்திரனும் மேரிலாந்துப் புது வீட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கோணேசர் துணை நிற்கட்டும். என்ன இது, அம்மா போனை எடுத்து இரண்டு வார்த்தை கதைக்காமல் பேப்பரும் பேனையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நீ யோசிப்பாய். இப்போது இந்த வீட்டுக்குப் பெரிய சத்துரு அந்தப் போன்தான். நீயும் மூன்று நாளாக எங்கள் நம்பரைக் கண்டால் எடுப்பதில்லை. கடிதத்தை அப்படிச் செய்யமாட்டாய், கோபமாக என்றாலும் பிரித்துப் பார்ப்பாய் என்று எழுதுகிறேன். நாள் குறைவு என்றபடியால் எக்ஸ்பிரஸ் தபாலில் போடப்போகிறேன். இங்கே இப்போதுதான் குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. அப்பா கறிவேப்பிலைச் சட்டியைப் பகலில் பல்கனியில் வைக்கிறார், பொழுதுபட உள்ளே தூக்கி வைக்கிறார், உன்னையும் இவ்வளவு கவனமாக வளர்த்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. கீழ்வீட்டு றோசலினுக்குப் பிள்ளைகள் பராமரிக்கும் கார்தெரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, கேக் கொண்டுவந்து தந்தாள், உன்னைக் கேட்டாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எல்லாம் தொடங்கியது சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு நீ எடுத்த அந்தப் போனில். குருக்கள் குறித்துத் தந்த ஜூன் ஆறாம் திகதி வீடு குடிபூரலை ஆவணிக்குத் தள்ளிவைப்போம், அந்த நேரம் சிக்காடா வருகிறது, பின்வளவு முழுக்க நிரம்பிவிடும், பந்தல் போடவும் ஏலாது, ஆட்களை இருத்தவும் ஏலாது என்று நீ சொன்னாய். அப்பா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, சிக்காகோ வருகுதாம், வளவு நிரம்பிப்போமாம், எங்களுக்கு இடமில்லையாம் என்றார். மருமகனின் தாய் தகப்பன் சிக்காகோவில் இருப்பது அவருக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டார் வந்தால் பெற்ற தகப்பனுக்கு ஒரு கதிரை போட இடமில்லையோ என்று கேட்டு, எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றார். பிட்டும் மீன்குழம்பும் என்றபடியால் பிறகு சாப்பிட்டார். அடுத்த நாள் நான் உன்னிடம் வடிவாக விசாரித்துவிட்டு, சம்பந்தி இல்லையப்பா சில்வண்டு, பதினேழு வருசம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் எழும்புமாம், சிவப்புக் கண்ணாம், ஒரு மாதம் கத்திவிட்டுச் செத்துப்போகுமாம் என்று விளங்கப்படுத்தினேன். அது இன்னும் பிழையாய்ப் போனது. பதினேழு வருசம் பொறுத்த பூச்சி என்ரை மகள் வீடு குடிபூருற அண்டைக்குத்தான் எழும்புமோ, சின்னப்பிள்ளைக்குச் சோறு தீத்தப் பூச்சி காட்டுற மாதிரி உவள் எனக்குப் பூச்சி காட்டுறாள் என்றார். அன்றிலிருந்து கோயிலில் கண்டவர், ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றவர், ஒருவரையும் விடவில்லை, மகள் பூச்சி காட்டுறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பாதிப்பேர் நீ பூச்சி ஆராய்ச்சி படிக்கிறாய் என்று நினைத்து என்னைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் நன்றி சொன்னேன், வேறென்ன செய்வது.

குருக்களிடமும் போய்க் கேட்டார். ஆனி ஆகாது, ஆடி ஆகாது, வைகாசியில் இதைவிட நல்ல நாள் இல்லை என்று அவர் திரும்பவும் ஆறாம் திகதியையே சொல்லியிருக்கிறார். ஒன்பது கிரகத்தையும் பார்த்த மனிசன் மண்ணுக்குக் கீழே ஒருதரம் எட்டிப் பார்த்திருந்தால் எங்களுக்கு இந்தப் பாடு இல்லை. இவை கடைசியாக வந்தது எண்பத்தேழில் என்று நீ சொன்னாய். நாங்கள் உன்னையும் ஒரு சூட்கேசையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கியதும் அந்த வருசம்தான். அவை உள்ளே போக நாங்கள் வந்திருக்கிறோம், நல்லவேளை வழியில் சந்திக்கவில்லை.

போன சனிக்கிழமை அப்பா காலையிலேயே முகம் மழித்துச் சேட்டு மாற்றிக்கொண்டு போய், தெப்பனர் என்கிற மூலைச் சில்லறைக்கடை யோகேந்திரனிடம் தூர இடத்துக்குக் கதைக்கிற ரெலிபோன் காட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கோபம் போய்விட்டது என்று அவர் வாயால் சொல்லமாட்டார், காட் வாங்கிவந்தால் அதுதான் அர்த்தம். நம்பரை ஒவ்வொன்றாக அமத்தி உனக்கு எடுத்தார். நீ எடுத்தாய். உடனே அப்பா முகத்தைச் சுளித்து, காட் சரியில்லை, ஒரே இரைச்சல், பிள்ளையின்ரை சத்தமே இல்லை என்று டக்கென்று வைத்துவிட்டார். யோகேந்திரனிடம் போய்ச் சண்டை பிடித்து வேறு காட் வாங்கிவந்து திரும்ப எடுத்தார். திரும்ப இரைச்சல், திரும்ப வைத்தார். மூன்றாம் முறை கடைக்குப் போய், ஊரிலை ஷெல் அடிச்ச நேரம்கூட லைன் இதைவிடத் தெளிவா இருந்தது, நீ என்ன சாமான் விக்கிறாய் எண்டு உனக்கே தெரியுமோ என்று கேட்டிருக்கிறார். பாவம் அந்தப் பொடியன், ஐயா, நான் காட் மட்டும்தான் விக்கிறன், லைன் விக்கேல்லை என்று சொல்லியிருக்கிறான். இப்போது அந்தக் கடையில் பால் வாங்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிறு, றோசலின் மேலே வந்திருந்தாள், ரிவியில் பிரெஞ்சுச் செய்தி போனது. எங்கள் ரிவியை அவள் கீழே இருந்தே கேட்கலாம், அவ்வளவு சத்தமாக அப்பா வைத்திருப்பார், ஆனாலும் மரியாதைக்கு வந்து இருந்து பார்ப்பாள். மேரிலாந்துப் பக்கம் ஒரு றோட்டைக் காட்டினார்கள், உன் வீட்டு றோட்டு மாதிரியே, பெரிய பெரிய மரங்கள், அடிமரம் முழுக்கப் பூச்சி. பதினேழு வருசத்துக்கொருக்கா வாறதாம் அன்ரி, எகிப்துக்கு வந்த வெட்டுக்கிளி மாதிரி என்று றோசலின் மொழிபெயர்த்தாள். அப்போது அதன் சத்தத்தை விட்டார்கள் பார். அப்பா எழும்பிப் போய் ரிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, இதுக்கும் யோகேந்திரன்ரை காட்டைப் போட்டிட்டாங்கள் என்றார். எனக்கு அந்த நேரம்தான் தலையில் ஏறியது. நீ போனை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போய், அப்பாவுக்கு நம்பிக்கை வரட்டும் என்று மரத்தடியில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். பாடுபட்டு நீ கேட்கவைத்த சத்தத்தை அப்பா ரெலிபோன் காட்டின் பிழை என்று வைத்துவிட்டார். உன் முகத்தில் அடித்த மாதிரி அவர் வைக்கவில்லை மகள், யோகேந்திரனின் முகத்தில் அடித்துத்தான் வைத்தார். ரிவிப் பூச்சியைப் பார்த்துக்கொண்டே, உண்மையாத்தான் பூச்சி என்று மெல்லச் சொன்னார். தன் கையாலேயே சத்தத்தைக் குறைத்தார், இந்த வீட்டில் அது முதல் தடவை.

இனித்தான் பெரிய விசயம். சனிக்கிழமை அப்பா மூன்றாம் முறை கடைக்குப் போயிருந்த நேரம், நானும் றோசலினிடம் கேக் தட்டைக் கொடுக்கக் கீழே போயிருந்தேன். அந்த நேரம்தான் நீ மெசேஜ் விட்டிருக்கிறாய். நான் படியேறி வர, அப்பா எனக்கு முதல் வந்து, மெசேஜ் பதிகிற போன் மெஷினுக்கு முன்னால் முழங்காலில் குனிந்து, வலது காதை அதன்மேல் ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார். திரும்பத் திரும்ப மூன்று தரம் போட்டார். நான் கதவடியில் நின்றது அவருக்குத் தெரியாது, மெஷினை அவர் தலையாலேயே மூடியிருந்தபடியால் எனக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. பிறகு எழும்பிச் சிரித்த முகத்தோடு, பிள்ளைக்குக் கோபமில்லை, ஆறாந்திகதிக்குக் கட்டாயம் வாங்கோ எண்டு கூப்பிடுறாள் என்றார். நானும் நம்பினேன். நேற்று லீவு நாளாகப் பார்த்து மெற்றோ எடுத்துப் போய் நியூயோர்க் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு இரண்டு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, நாலாந்திகதி பின்னேரம் ஏறுகிறோம். இன்று காலை அவர் சந்தைக்குப் போனபிறகு, பிள்ளையின் குரலை நானும் ஒருக்கால் கேட்போம் என்று பட்டனை அமத்தினேன்.

எல்லாம் கேட்டேன் மகள். அப்பா, ரெண்டு தரம் என்ரை முகத்திலை அடிச்சமாதிரி வைச்சிட்டியள், ஆறாந்திகதி ஏலாது, ஆவணியிலைதான் குடிபூருவன், நீங்கள் வராட்டிலும் எனக்குப் பரவாயில்லை, இனி என்ரை வாயாலை வாங்கோ எண்டு கூப்பிடமாட்டன் என்று அழுதழுது சொல்லியிருக்கிறாய். அதற்குள்ளிருந்து ஆறாந்திகதியும் வாங்கோவும் கூப்பிடுவதும் மட்டும்தான் அப்பாவின் காதுக்குள் போயிருக்கின்றன. பதின்மூன்று வருசம் ஃபக்டரியில் இரைகிற பின்னல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. மாசியில் டொக்ரர் காதுக்கு மெஷின் போடச் சொல்லிக் கடதாசி தந்தார், அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துப் பஞ்சாங்கத்தை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார், எனக்கென்ன, நாட்டிலை எல்லாரும் வாய்க்குள்ளை கதைக்கப் பழகியிட்டினம் என்கிறார். நீ போனில் என்ன சொன்னாலும் ஓம் ஓம் என்பார், வைத்துவிட்டு வந்து, பிள்ளை என்ன சொன்னவள் என்று சாடைமாடையாக என்னைக் கேட்பார், நானும் தெரிந்ததும் தெரியாததும் சேர்த்துச் சொல்லுவேன். இரண்டு வருசமாக இப்படித்தான் நடக்கிறது. உன் குரல் அவருக்குக் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது பிள்ளை. அவர் முழங்காலில் இருந்ததை நினைக்க எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே அம்மா கேட்பது ஒன்றுதான். ஆறாம் திகதியே வைத்துவிடு. ஆவணி வேண்டாம். பூச்சி கடிக்காது என்று நீதானே சொன்னாய். பாலை உள்ளே காய்ச்சுவோம், சாப்பாட்டை வளவில் வை, சோற்றில் இரண்டு விழுந்தால் மருமகனின் ஒஃபிஸ்காரர் அப்பளம் என்று நினைத்துச் சாப்பிடட்டும். அந்த இரைச்சலுக்குள் எல்லாரும் கத்தித்தான் கதைக்கவேண்டும். மருமகன் கத்துவார், சிக்காகோச் சம்பந்தி கத்துவார், குருக்கள் மந்திரத்தையும் கத்திச் சொல்லுவார், ஒருவர் சொல்வது ஒருவருக்கு விளங்காமல் எல்லாரும் ஓம் ஓம் என்பார்கள். அப்பா அவர்களுக்கு நடுவில் ஆகத் திறமாக இருப்பார், அவருக்குத்தான் அதில் இரண்டு வருசப் பழக்கம். நீ அவருடைய வலப்பக்கம் நின்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கதைக்கலாம், தனக்காகக் கத்துகிறாய் என்று அவருக்குத் தெரியவராது. அடுத்த தடவை இவை வரும்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது, அதற்காகக் காத்திருக்க ஏலாது. காது மெஷின் கதையையும் அங்கே வைத்து நீயே எடு, நான் சொன்னால் இரண்டு விதத்திலும் கேட்கமாட்டார்.

நீயும் மருமகனும் அந்த வீட்டில் நிறைந்த மனசோடு நீண்ட காலம் வாழவேண்டும், பிள்ளைகுட்டிகளின் சத்தம் அந்தப் பூச்சிச் சத்தத்தை மேவவேண்டும். மறக்காதே, அப்பா வந்து இறங்கினால் மெசேஜைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, நீ கூப்பிட்டாய், நாங்கள் வந்தோம், அவ்வளவுதான். அதை நான் அழித்துவிட்டேன். அப்பா தேடினால் மெஷின் தானாக அழித்துவிட்டது என்பேன், இந்த வீட்டில் பழி சுமக்கக் காட் ஒன்றும் மெஷின் ஒன்றும் இருப்பது எவ்வளவு வசதி. பஸ்ஸடிக்கு மருமகனை மட்டும் அனுப்பாதே, நீயும் வா.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
கனகமணி

கீழே இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் மடித்துக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு அப்பாவை எழுதச் சொல்லப்போகிறேன்.

மகள், அன்றைக்கு நீ வாங்கோ என்று கூப்பிட்டது வடிவாகக் கேட்டது. வாறம். — அப்பா