கிணற்று மூடி இறுகிவிட்டது

1986 ஆவணி, புதன் இரவு

இஞ்சாருங்கோ, இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். கப்பலில் இருக்கும் உங்களோடு நாட்குறிப்பில்தான் பேச முடிகிறது. மகள் இப்போதுதான் உறங்கினாள்.

அவள் தவழத் தொடங்கியதிலிருந்து எனக்குக் கிணற்றுப் பயம். மேசன் செல்லையா அண்ணை முதலில் வார்த்த மூடி இறுகாமல் கையோடு உதிர்ந்தது.

"சீமெந்துக்குள்ள என்ன விட்டனீங்கள், அண்ணை?"

"பனங்கட்டித் தண்ணிதான் பிள்ளை. சுண்ணாம்புக்கு அதுதானே உறுதி!"

சுண்ணாம்புக்கு உறுதிதான். ஆனால் இனிப்புப் பட்டால் சீமெந்து இறுகாது. கலியாணத்துக்கு முன் ஆய்வுகூடத்தில் நான் படித்ததே அதைத்தான். சொன்னபோது உங்கள் அம்மா சிரித்தா.

"முதல்ல சோறு குழையாமல் வடிக்கப் பழகும்."

அடுத்த மூடிக்கு நானே வெறும் நல்ல தண்ணீரில் குழைத்துக் கொடுத்தேன். ஈரம் காயாமல் இறுகட்டுமென்று தினமும் அதன்மேல் சாக்கு நனைத்துப் போட்டேன். இதுவும் உதிர்ந்தால், கலியாணத்தோடு பாதியில் விட்ட ஆய்வை மறந்துவிடுவதென்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

இன்று வார்ப்புப் பலகை கழற்றினோம். அண்ணை ஏறிக் குதித்தார்.

"கருங்கல்லுத்தான்! இனி நீர் மேசன், நான் கையாள்."

உங்கள் அம்மா பேத்தியைத் தூக்கி வந்து மூடியின் நடுவில் இருத்திவிட்டு, கையை எடுத்தா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆய்வுகூடப் பேராசிரியர் என் இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மகளோடு அங்கே திரும்பிப் போகப் போகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து நாளைக்கே தபாலில் போடுவேன். ஓமெண்டு கெதியாப் பதில் போடுங்கோ.