அலமாரியில் ஒட்டிய மூன்று வரி

7 ஜூலை 2025, திங்கள்

எங்கள் ரத்தப் பரிசோதனை லேப் சர்வர் இன்றும் படுத்துவிட்டது. ரிப்போர்ட்டுகளைச் சேமிக்கும் சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி போட்டால்தான் சரியாகும். நாளை நான் பாண்டுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் நிக்காஹுக்குப் போகிறேன். அதனால் முதலாளி கரீம் பாட்சா அந்த வேலையைத் தன் அண்ணன் மகன் அர்பாஸிடம் கொடுத்துவிட்டார். வந்து நாலு மாதம், அதற்குள் பெரிய இன்ஜினியர்! எட்டு வருஷமாக இதைப் பார்ப்பவள் நான்.

சரி, சர்வர் அலமாரிக் கதவில் நான் எழுதி ஒட்டிய மூன்று வரி இருக்கிறது. டேட்டா ஃபோல்டரை வெளி ஹார்டுடிஸ்க்கில் நகலெடு. நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார். பிறகு நீக்கு. அதைப் படித்தால் போதும்.

9 ஜூலை, புதன்

பாவி. எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

சாஃப்ட்வேரை நீக்கியவன், சுத்தமாக இருக்கட்டும் என்று டேட்டா ஃபோல்டரையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான். நகல் எடுக்கவில்லை. மீட்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவில் எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தமிழ்ல இருந்துச்சு நுஸ்ரத் லாத்தா. நான் படிச்சது இந்தி ஸ்கூல்ல, தமிழ் பேசத்தானே வரும், படிக்க வராதே. வீட்டு வாசல்ல உம்மா ஒட்டியிருக்குற துஆ மாதிரி இருந்துச்சு. பிஸ்மி சொல்லிட்டுதான் ஆரம்பிச்சேன்."

துஆவாம், பிரார்த்தனையாம்! ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த பதினைந்து பேர் முன்னால் கத்தித் தீர்த்தேன். படிக்கத் தெரியலன்னா ஒரு போன் போட்டுக் கேக்குறதுக்கு என்ன, வாய்ல கொழுக்கட்டையா? இவன் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, மாதாமாதம் நான் எடுக்கும் நகல் வீட்டு பீரோவில் இருக்கிறது.

10 ஜூலை, வியாழன்

மாசானம் அண்ணாச்சி வந்தார். கிட்னிக்காக மாதாமாதம் எங்களிடம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பவர். டயாலிசிஸ் தொடங்குவதா வேண்டாமா என்று டாக்டர் சனிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்லப்போகிறாராம். அதற்கு ஒரு வருஷத்து ரிப்போர்ட் மொத்தமும் வேண்டும். அவரிடம் ஒரு காகிதம் இல்லை.

"மழைன்னா வீட்டுக்குள்ள தண்ணி வந்துருதுல்லா. ஒங்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹார்டுடிஸ்க்கைக் கொண்டுவந்துவிட்டேன், ஏற்றி முடிக்க ஒரு நாள் பிடிக்கும் என்றேன்.

11 ஜூலை, வெள்ளி

நகலில் போன அக்டோபருக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அக்டோபரில் டேட்டாவைப் புது டிரைவுக்கு மாற்றியது நான். அதற்குப் பிறகும் பழைய ஃபோல்டரையே நகலெடுத்து வந்திருக்கிறேன் — ஒன்பது மாதம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால்? நான் எழுதிய இரண்டாவது வரி. எனக்குமா தமிழ் படிக்கத் தெரியாது?

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது முதலாளி கேட்டார்: "அர்பாஸ நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிரவா?"

நான் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன மனுஷி நான்.

12 ஜூலை, சனி

காலையில், உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். ரிப்போர்ட்டுகள் போனதற்கு அவன் மட்டும் காரணமில்லை, நானும்தான். அவர் உள்ளே போய்விட்டார். அர்பாஸ் என் பக்கமே திரும்பவில்லை.

மாசானம் அண்ணாச்சியிடமும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

"இன்னொரு தடவ எடுத்துக்க தங்கச்சி. கொஞ்சம் கூடவே எடு. அந்த ஒம்பது மாசமும் இதுல தெரியும்லா?"

தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.