கதிரின் பழைய வரிகளை நீக்கிய வாரம்

மார்ச் 4, புதன்

காலையிலேயே சிங்கப்பூர் வெயில் பிளக்கிறது. செம்பவாங்கிலிருந்து தஞ்சோங் பகார் வரை ரயிலில் நின்றபடியே. அலுவலகத்தில் குளிர் வேறு. சால்வை மறந்தாயிற்று.

புது வேலை. டீம் லீட் புவனா அக்கா என் மேசையில் சாய்ந்துகொண்டு: "நித்யா, அந்தப் பழைய நெட்வொர்க் டிரைவர் இருக்குல்ல, அதுல கோ-டூ எல்லாம் எடுத்துட்டுப் புது முறைக்கு மாத்திடு லா. ஈஸிதான்."

ஈஸிதான். ஆனால் அந்த மென்பொருளை எழுதியது கதிர். (இனி க. போதும். முழுப் பெயரையும் எழுதினால் அன்றைய வேலை கெட்டுவிடுகிறது.)

மார்ச் 5, வியாழன்

நாள் முழுக்க க.வின் கோட். டிரைவர் எழும்பும்போது முதலில் மெமரி வாங்கும், பிறகு பூட்டுப் போடும், பிறகு கருவியை எழுப்பும். நடுவில் ஏதாவது தவறினால் வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பித் தர வேண்டும். பழைய வழக்கம்: தவறிய இடத்திலிருந்து கோ-டூ என்ற கட்டளை போட்டுக் கோடின் அடிக்குத் தாவி, அங்கே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பது. புது வழக்கம்: வாங்கும்போதே குறித்துவைத்தால், வெளியேறும்போது தானாகத் திரும்பிவிடும். மறதிக்கு இடமில்லை என்கிறார்கள்.

க. எதையும் மறந்ததில்லை, அதுதான் எரிச்சல். ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறான்: இந்த வரிசையை மாற்றாதே, பார்த்துப் பார்த்து வைத்தது. எழுதியது ஆங்கிலத்தில். எனக்குக் கேட்டது மதுரைத் தமிழில். அழித்தேன்.

மதியம் மழை. லிஃப்ட் அருகே யாரோ: "குடை இல்லியா? போச்சு லா."

க. முன்பு இங்கே என் எதிர் மேசையில்தான் இருந்தான். மியூனிக்கில் வேலை கிடைத்துப் போனான். முதலில் தினமும் போன். பிறகு எப்போதாவது. தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம். நானும் பதிலுக்கு ஒரு படம். அதோடு சரி. இரண்டு பேருக்கும் வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை, பேசத்தான் வாய் வரவில்லை.

மார்ச் 7, சனி

அம்மாவோடு தேக்கா சந்தை. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, அம்மாவுக்கு மல்லிகை. மீன் வாங்கவில்லை, அம்மாவுக்கு விலை பிடிக்கவில்லை.

சிராங்கூன் சாலையில் தோசைக்கடையைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். இங்கே இருந்தபோது சனிக்கிழமையானால் அவன் அங்கேதான்.

"யாரடி தேடுற?"

"யாரையும் இல்லம்மா."

"அப்ப நேரா பாத்து நட."

அவனைப் பார்க்க வேண்டும். பேசக்கூட வேண்டாம். பார்க்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

மாற்றங்கள் தயார். மற்றவர்கள் சரிபார்க்க மெயிலில் அனுப்பும் முன் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவோம். அந்தக் கோடோடு சம்பந்தப்பட்ட எல்லாருடைய மெயில் முகவரியையும் தானே பொறுக்கிப் போடும். இரண்டாவது பெயர் அவனுடையது. மியூனிக் அலுவலக முகவரி. எடுத்துவிடலாமா என்று புவனா அக்காவிடம் கேட்டேன்.

"எழுதினவரையே விட்டுட்டா எப்படி? போடு லா."

போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

க.விடமிருந்து பதில் வந்தது. எல்லாருக்குமாக, ஒற்றை வரி: எல்லாம் சரியாக முடிந்த பிறகும் நீங்கள் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள், அது டிரைவரை அழைத்த நிரலுக்குப் போக வேண்டியது, திருத்தவும்.

உண்மைதான். புது முறையில் எல்லாம் தானாகத் திரும்பும். கையில் கொடுத்தனுப்ப வேண்டியதை மட்டும் ‘இதைத் தொடாதே’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்ல விட்டுவிட்டேன். கற்றுக்குட்டித் தப்பு, அதுவும் இவன் கண்ணிலா பட வேண்டும்.

ஆனால் ‘நீங்களா’? ஒரு ஹாய்கூட இல்லை. பெரிய இவன்.

"அவர் சரியாத்தானே சொல்றாரு, எதுக்கு மூஞ்ச தூக்கி வச்சிருக்கே?" புவனா அக்கா.

திருத்தி அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

ஒப்புதல் வந்துவிட்டது. சரிபார்த்தவர்: கதிர். அவ்வளவே. அவன் பார்த்துப் பார்த்து வைத்த வரிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. புவனா அக்கா கோப்பி வாங்கித் தந்தார். குடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து இன்னொரு மெயில். எனக்கு மட்டும். எங்கள் வேலையில் இது மரியாதைக்குறைவு. எந்தப் பேச்சானாலும் எல்லார் முன்னாலும்தான். புதியவர்கள் இப்படித் தனியாக எழுதினால் க. கிழித்துத் தொங்கவிடுவான்.

தமிழில் எழுதியிருந்தான். "உன் பேரைப் பாத்துட்டு மூணு தடவ படிச்சேன். மூணாவது தடவதான் கோட் பக்கமே போனேன். நல்லா இருக்கியா?"

‘இருக்கேன், நீ?’ என்று அடித்து, அழித்தேன்.

"நல்லா இல்ல. வா."

அனுப்பிவிட்டேன்.