நான் மாற்றி அடித்த பதினொரு பக்கம்

அன்பு மகள் கரினுக்கு, அம்மா எழுதுவது. நீயும் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அலாஸ்காவில் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேன், வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, குறை வேறு இடத்தில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வருவாய், எனக்கோ ஆத்திரத்தில் நாக்குக் குழறும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற.

கல்லூரி விழாவின் வீடியோவைப் பார்த்துவிட்டு “அப்பா எவ்வளவு கண்ணியமா நடந்துக்கிட்டார்” என்று எழுதியிருந்தாயே, கண்ணியமாம் கண்ணியம், படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய முதல் நாவல் வந்து நாற்பது வருஷம் ஆனதென்று பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து, மாலை மரியாதை வேண்டாம், அவர் கதை எழுதும் வகுப்பு நடத்திய மாதிரியே வட்டமாக உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தை அலசுவோம் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த வகுப்பின் சட்டம் உனக்குத் தெரியாததா? யார் எழுதியதைப் பேசுகிறார்களோ அவர் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாரும் பேசி முடித்ததும் ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். முப்பத்தொரு வருஷம் அதைக் கட்டிக் காத்தார் உன் அப்பா, எத்தனை பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், பாதிப் பேர் நம் சமையலறைக்கு வந்துதான் அழுதார்கள்.

வீடியோவில் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாளே நீல ஸ்வெட்டர் போட்ட கிழவி, யாரோ வாசகி என்று நினைத்திருப்பாய். அவள் பெர்னீஸ் ரூசிக்கா, வியட்நாமில் அப்பாவோடு ஒரே படைப்பிரிவில் இருந்து செத்துப்போன டேலின் அக்கா. பேப்பரில் செய்தி பார்த்து எண்பது மைல் காரோட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். “உங்க கதையில அடிபட்ட சார்ஜென்ட்டை வாய்க்கால்ல போட்டுட்டு ஓடறானே லைல்னு ஒருத்தன், அவன் எங்க டேல்தான். உடைஞ்ச முன்பல்லு, பூட்ஸ் கட்டும்போது போல்கா பாட்டை விசிலடிக்கிறது, எல்லாம் அவனேதான். அவன் நிஜமாவே ஓடினானா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்” என்று கேட்டாள். உன் அப்பா வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து ‘நன்றி’ என்றார். கூட்டம் கை தட்டியது. அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், அது உன் வீடியோவில் இருக்காது.

இப்போது கேள். டேல் ஓடவில்லை. ஓடியது உன் அப்பா. சார்ஜென்ட்டின் தொடையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே கிடந்து குண்டடிபட்டுச் செத்தது டேல். முதல் பிரதியில் அப்பா அதை அப்படியே எழுதியிருந்தார், அதை டைப் அடித்தவளும் நானே, இந்த மனிதரைக் கட்டிக்கொண்டது தப்பில்லை என்று அன்றைக்குத்தான் முழுமனதாக நினைத்தேன். அப்புறம் நியூயார்க்கிலிருந்து பதிப்பாசிரியர் எழுதினார், கதை சொல்கிறவனே ஓடிவிட்டால் வாசகன் மீதிப் புத்தகத்தைப் படிக்க மாட்டான் என்று. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு ஓடினவனையும் நின்றவனையும் இடம் மாற்றிவிட்டார். அந்தப் பதினொரு பக்கத்தைத் திரும்ப டைப் அடித்தது யார்? நான்தான், இதே சாப்பாட்டு மேஜையில், நீ வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாய். “பேரை மாத்தியாச்சே லோர்னா, யாருக்குத் தெரியப்போகுது” என்றார். பேரை மாற்றினாரே, அந்த உடைந்த பல்லை மாற்றத் தோன்றியதா? உண்மையான ஒரு பொருளைக் கையில் எடுத்தால் விடாதே, அதுதான் கதைக்கு உயிர் என்று வகுப்பில் சொல்வாரே, அந்தப் புத்தி. செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, பரிசும் வாங்கி, வருஷா வருஷம் படைவீரர் தினத்துக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வீரம் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

விழா முடிந்து வீடு திரும்பும்போது காரிலேயே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “அது நாவல் லோர்னா, சாட்சி வாக்குமூலம் இல்ல” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் நிலவறையில் கிறிஸ்துமஸ் பெட்டிக்கு அடியிலிருந்து முதல் பிரதியின் கார்பன் காப்பியை எடுத்துக்கொண்டு நானே பெர்னீஸ் வீட்டுக்குக் காரை ஓட்டினேன்.

காபி ஊற்றி, கொடிமுந்திரி வைத்த கொலாச்சி ரொட்டி எடுத்து வைத்தாள், என்னைத் திட்டவே இல்லை. மாற்றாத அந்தப் பதினொரு பக்கத்தையும் நான் வாசிக்க வாசிக்க மேஜைத் துணியை நீவிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், “டேல் தைரியமா செத்தான்னு ராணுவத்துல இருந்து கடுதாசி வந்துச்சு. ஆனா எங்கம்மா உங்க வீட்டுக்காரர் புஸ்தகத்தைத்தான் நம்பினா, கூட இருந்தவன் எழுதினது பொய்யா இருக்குமான்னு. அவன் படத்தைச் சுவத்துல இருந்து எடுத்து அலமாரிக்குள்ள வச்சா, சாகற வரைக்கும் வெளியில எடுக்கல” என்று. மறுபடி காபி ஊற்றிக்கொண்டே, “இதை நீங்க எப்போ டைப் அடிச்சீங்க” என்று கேட்டாள். எழுபத்தேழில் என்றேன். “எங்கம்மா தொண்ணூத்தி நாலுலதான் போனா” என்றாள்.

கரின், கணக்குப் போட்டுப் பார். பதினேழு வருஷம் அந்தத் தாய் எண்பது மைல் தூரத்தில் உயிரோடு இருந்தாள், கார்பன் காப்பி என் நிலவறையில் இருந்தது. உன் அப்பா மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி என் கன்னத்திலேயே அறைந்தது. அதற்காக அவர் மேல் இருக்கிற கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா என்ன சொன்னாங்க என்று மெதுவாகக் கேட்டார். நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இரண்டு மணிக்கு அவர் வருவார் என்று பெர்னீஸிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் வரட்டும், டேல் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லட்டும் என்றாள், இப்போது படம் சுவருக்கு வந்துவிட்டது.

கழுத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே போ, வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆண்டவர் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா உன்னைக் கூப்பிடுவார், முதுகுவலி என்பார், ரோட்டில் பனி என்பார், அம்மாவிடம் நீ சொல்லு என்பார். குறுக்கே பேசாதே, ஆறுதல் சொல்லாதே, எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ‘நன்றி’ என்று மட்டும் சொல்லிப் போனை வை.

உன் அம்மா,
லோர்னா