மருந்து ஊற்றாத பாட்டில்

மாயாபந்தர், அந்தமான், 14-2-1966, திங்கள்.

மீன்துறையில் எனக்கு வாராவாரம் ஒரே வேலை. பட்டு வலையை டிங்கிப் படகின் பின்னால் இழுத்து, அதில் சேரும் நீரைப் பாட்டிலில் பிடிப்பேன். வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஊசிமுனை அளவு உயிர்கள் துள்ளும். மீன்குஞ்சுகளுக்கு அதுதான் சோறு. பார்த்த பிறகே, கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்து ஊற்றுவேன். உடனே எல்லாம் அடங்கிவிடும்.

கப்பல் வந்து அணையப் புதிதாகக் கட்டும் ஜெட்டிக்குக் கல்லும் மண்ணும் கொட்டத் தொடங்கியதிலிருந்து துள்ளல் குறைந்துகொண்டே வந்தது. இன்று ஒன்றுகூட அசையவில்லை. படகோட்டி மங்கள் எட்டிப் பார்த்து, "ஸிர்ஃப் மிட்டி, ஸாப்" என்றான். வெறும் மண்தான். மருந்தைத் திறக்காமலே திரும்பினேன்.

என் மனைவி செண்பகத்துக்கு இது ஏழாம் மாதம். ஜெட்டி முடிந்தால் நடுக்கடலில் நூலேணி ஏறாமல் கப்பலில் மெயின்லேண்ட் போய்ப் பிள்ளை பெறலாம் என்று காத்திருக்கிறாள்.

சோறு போடும்போது, "இன்னைக்கு உங்க கையில மருந்து நாத்தமே இல்லையே. எனக்காக விட்டுட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

பாட்டில் இப்போது மேசைமேல் இருக்கிறது. விளக்கைக் கிட்டே வைத்துப் பார்க்கிறேன். மண் படிந்து நீர் தெளிந்துவிட்டது. அசைவில்லை.

பாயிலிருந்து கூப்பிடுகிறாள். "இங்க வந்து கை வச்சுப் பாருங்க, உதைக்குது."

பாட்டிலைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.