முன்னால் போனவன் எழுதுகிறேன்

அத்தான்,

உங்கள் ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கடைக்காரர் கழற்றியதும் நீங்கள் தேய்க்கும் எண்ணெயின் வாசனை வந்தது. மூன்று வருஷம் பரணில் கிடந்த ஹெல்மெட். வண்ணார்பேட்டையில் பைக் சாமான் விற்கும் கடையில், கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த நான் எட்டி அதைப் பிடித்துக்கொண்டேன். 'காதுகிட்ட ஸ்பீக்கர் வைக்க எடம் இருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது' என்றார் அவர். ஹெல்மெட்டுக்காகப் பதறுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

உங்கள் மகள் உங்கள் வண்டியை வெளியே எடுத்துவிட்டாள். படிப்பு முடித்து வேலைக்குப் போகிறவளை என்ன சொல்லித் தடுப்பது? பாபநாசம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், உங்கள் ஹெல்மெட்டைத்தான் போடுவாளாம். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தனியாக விட மாட்டாள், மாமன் கூடப் போனால் போகலாம். இத்தனை பேர் இருக்க என்னைப் போய் நம்புகிறாள்.

இன்டர்காம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் நீங்கள்தான். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே போனில் படம் காட்டினீர்கள். ஆளுக்கொன்றை ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே போகலாம், பாட்டும் கேட்கலாம் என்றீர்கள். வீட்டிலும் பேச்சு, ஆபீஸிலும் பேச்சு, வண்டியிலாவது வாயை மூடிக்கொண்டு போவோமே என்று நான் சிரித்தேன்.

'பின்னால வார எனக்கு உன் முதுகாவது தெரியுது மாப்ளே. முன்னால போற உனக்கு என்ன தெரியும்?' என்றீர்கள். சொல்லிவிட்டு, வழக்கம்போல நீங்களே விட்டுக்கொடுத்தும்விட்டீர்கள்.

நமக்குத்தான் ஒரு சட்டம் இருந்ததே. நாம் சேர்ந்து பாபநாசத்துக்கு ஓட்ட ஆரம்பித்த புதிதில் ஒருமுறை, உங்களைக் காணோமென்று நான் அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வழியாகத் திரும்பி வந்தேன். நான் வழி மாறிவிட்டேனோ என்று நீங்கள் ஆற்றுக்கு அக்கரையில் முக்கூடல் வழியாகத் தேடிப் போனீர்கள். அரை நாள் இரண்டு பேரும் தாமிரபரணியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வைத்த சட்டம் அது. முன்னால் போனவன் திரும்பி வரக்கூடாது, அம்பாசமுத்திரம் டீக்கடையில் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் நாம் ஒருவரையொருவர் தொலைக்கவில்லை.

கடைக்காரர் மூன்று பெட்டிகளைப் பிரித்து வைத்தார். ஒன்று இரண்டு பேர் மட்டும் பேசுவது. இன்னொன்றில் எட்டுப் பேர் சேரலாம். மூன்றாவது பாட்டுக்கென்றே செய்தது, உங்கள் மகள் கேட்டது அதைத்தான். பெட்டியில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் மரமும் வளைவும் இருந்தால் பாதிதான் கிடைக்கும் என்று உண்மையைச் சொன்னார். எட்டத்தில் போய்த் தொடர்பு அறுந்தால் காதில் ஒரு குரல் சொல்லுமாம். அந்தக் குரலை இரண்டு முறை போட்டுக் காட்டச் சொன்னேன்.

பிறகு என் சந்தேகத்தைக் கேட்டேன். எட்டத்தில் போகவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறாள், ஆனால் பேச்சு இல்லை. அப்போது இது முன்னால் போகிறவனுக்கு ஏதாவது சொல்லுமா?

'பேசலன்னா பேசலதான் அண்ணாச்சி. அதுக்கு மிஷின் என்ன செய்யும்?' என்றார். மூன்றாவது பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். 'பாட்டப் பத்தி ஒண்ணுமே கேக்காம, இப்படிப் பயந்து பயந்து வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்.'

பேசும்போது மட்டும் திறக்கும் மைக் வேண்டாம் என்றேன். எப்போதும் திறந்தே இருப்பதைக் கேட்டேன். சார்ஜ் சீக்கிரம் தீரும், காற்றும் இரையும் என்று எச்சரித்தார். இரையட்டும், எனக்கு அவள் மூச்சு கேட்க வேண்டும்.

நாம் கடைசியாகப் போன அன்றைக்கும் நான் சட்டப்படிதான் காத்திருந்தேன் அத்தான். நாற்பது நிமிஷம், மூன்று டீ. எவனிடமோ பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று உங்களை வைதுகொண்டே குடித்தேன். வண்டிப் பையில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தால் உங்கள் அழைப்பு ஒன்று தவறியிருந்தது. திருப்பி அடித்தேன். எடுத்தது வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. வீரவநல்லூர் தாண்டி, வாய்க்கால் ஓரத்து மருத மரத்தடியில் நீங்கள் மூச்சில்லாமல் சாய்ந்து கிடந்தீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் பதவிசாக மாட்டியிருந்தீர்கள். அப்படியானால் உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. திரும்பி வந்திருந்தால் எனக்கும் இருந்திருக்கும். அக்காவிடம் நான், 'நெஞ்சப் பிடிச்ச உடனே நான் வந்துட்டேங்கா' என்று சொன்னேன். இன்றுவரை அதுதான் அவளுக்கு ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் பின்னால் வருகிறேன் என்றால் உங்கள் மகள் கேட்கவில்லை. 'நீங்க பின்னால வந்து என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு ஓட்டவே வராது மாமா' என்றாள். சேரன்மகாதேவி வரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். அவளும் உங்களைப்போல நல்ல நிதானம்தான். ஆனாலும் முனகல் நிற்கும்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். 'இருக்கேன் மாமா, இருக்கேன்' என்று சலித்துக்கொண்டாள்.

வீரவநல்லூர் தாண்டியதும் காதுக்குள் கேட்டாள். 'அப்பா எங்கன நின்னாங்க மாமா?'

வரப்போகிற மரத்தைச் சொன்னேன்.

'நீங்க அப்போ எங்கன இருந்தீய?'

எதிரே நின்று கேட்டிருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். காதுக்குள் கேட்கிற குரலிடம் அது முடியவில்லை. 'அம்பையில டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிஷம். திரும்பி வரல' என்றேன்.

பதில் இல்லை. காற்றின் இரைச்சலும் நின்றுவிட்டது. தொடர்பு அறுந்ததாகச் சொல்லும் அந்தக் குரலும் வரவில்லை. கூப்பிட்டேன், மறுபடி கூப்பிட்டேன். கண்ணாடியில் வெறும் ரோடுதான் தெரிந்தது. அந்த நேரத்திலும், நம்புங்கள் அத்தான், என் கை அம்பைப் பக்கம்தான் முறுக்கியது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒரு லாரியைப் போகவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மருத மரத்தடியில் வண்டி நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் மாட்டியிருந்தது. அவள் வாய்க்கால் கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவது எனக்குக் கேட்கக்கூடாதென்று மைக்கை அணைத்திருக்கிறாள்.

'திரும்பி வந்துட்டியளா' என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து வாய்க்காலில் முகம் கழுவினாள். 'அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க மாமா. நான் சொல்ல மாட்டேன். இப்ப நீங்க பின்னால வாங்க.'

அம்பை வரை உங்கள் ஹெல்மெட்டுக்குப் பின்னால் போனேன். எத்தனையோ முறை சேர்ந்து வந்த ரோட்டில் உங்களுக்குப் பின்னால் ஒருநாளும் நான் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீக்கடையில் அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

இதை எழுதி முடித்ததும் அக்காவைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்வாளோ, முகத்தில் முழிப்பாளோ மாட்டாளோ, தெரியாது. இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிட்டேன் அத்தான்.