நாலு சில்லும் இழுக்கும்

டிசம்பர் 9, செவ்வாய்

உறைமழை. மரக்கிளையெல்லாம் கண்ணாடி. அத்தான் வாங்கிய பழைய ஜீப்புக்கு இன்று பூசை. புரோசார்ட்டில் நாங்கள் மூவரும் இருக்கும் வீட்டு வாசலில் கற்பூரம் பற்றவே இல்லை. சக்கரத்துக்கு அடியில், சில்லுக்கு ஒன்றாய் வைத்து நசிக்கும் எலுமிச்சையை, தேசிக்காயை, அக்கா நேற்றே வெளியில் எடுத்து வைத்துவிட்டாள். கல்லாய் உறைந்திருந்தது. நசியவில்லை. அத்தான் கோபத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். சில்லு சுழன்றது. ஒரு தேசிக்காய் பறந்து அக்காவின் முழங்காலில்.

"ஒரு தேசிக்காய் வைக்கத் தெரியாது உனக்கு."

அவள் நொண்டியபடி பொறுக்கினாள்.

சில்லுகளில் குளிர்கால ரயர், யாரோ கழற்றிப் போட்டது. தேய்ந்துபோனது. அத்தானைக் கேட்டேன். "நாலு சில்லும் இழுக்கும் பிள்ளை. ரயர் என்னத்துக்கு?"

டிசம்பர் 13, சனி

புவாண்ட்-கிளேரில் ஒரு பிறந்தநாள் வீடு. தெரு முழுக்க ஐஸ். சிக்னல் பச்சை. பக்கத்துக் கார்கள் நின்ற இடத்திலேயே உறுமின. நாங்கள் பாய்ந்தோம். வழுக்கும் சில்லிலிருந்து விசை, பிடிப்புள்ள சில்லுக்குப் போகிறது. அவ்வளவுதான் வித்தை.

"பார் பிள்ளை, எல்லாரும் நிக்கினம், நாங்கள் போறம்!"

புறப்பட உதவும். நிற்க உதவாது. நிறுத்துவது ரயர். வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அக்கா: "இஞ்சேருங்கோ, மெல்ல."

இன்னும் மிதித்தார். அடுத்த சிவப்பு. பிரேக் கடகடத்தது. வண்டி தன்பாட்டில் சறுக்கிப் போய்ப் பனிக்குவியலில் முட்டியது. அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். பிறகு புறங்கையால் அவள் முகத்தில்.

"கதைச்சுக் கதைச்சு ஆளைக் குழப்பிறாய்."

இரத்தம். பின் இருக்கையில் நான். பெல்ட் போட்டபடி.

டிசம்பர் 14, ஞாயிறு

கிளினிக். பாதிப்பேர் ஐஸில் விழுந்தவர்கள். மணிக்கட்டு, இடுப்பு, பல். என்ன நடந்தது என்று தாதி கேட்டாள். அக்காவும் ஐஸில் விழுந்தவள் ஆனாள். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்கச் செல்லுபடியாகும் பொய். அத்தான் அவளுக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டார். அன்பாக.

வாங்க: பால், உப்பு, நோவுக்கு மாத்திரை.

டிசம்பர் 20, சனி

வெயில். குளிர். அக்காவின் பை ஜீப்பில். சாவி, அத்தானின் திறப்பு, அவள் கையில். வாசல் இறக்கம் பளபளவென்று. ஐஸ் கரைய யாரும் உப்புப் போடவில்லை. கீழே, நடுவில், கை விரித்தபடி அத்தான்.

"இறங்கடி! திறப்பைத் தா!"

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "விலகுங்கோ. இது நிக்காது."

"நிக்கும். நீ நிப்பாட்டுவாய்."

வண்டி நகர்ந்தது. அக்கா பிரேக்கை முழுதாக அமத்தினாள். பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தேன். கடகடப்பு. நிற்கவில்லை. முன்கண்ணாடி முழுக்க அத்தானின் முகம். சிரிப்பு போனது. பக்கவாட்டில் பாய்ந்தார். பக்கக் கண்ணாடி அவர் முழங்கையில் அடித்து உடைந்தது. விழுந்தார், எழுந்தார், கத்தினார். அக்கா திரும்பவில்லை.

வீட்டில் அடிபட்ட பெண்களுக்கான அடைக்கல விடுதி. கதவு திறந்தவள் அக்காவின் இன்னும் கருத்திருந்த கண்ணைப் பார்த்தாள். ஐஸில் விழுந்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "பிரெஞ்சில சொல்லு. ஐஸ் இல்லை. என்ர மனுசன்ர கை."

சொன்னேன்.